மேசைப் போர் விளையாட்டுக்கு வீடு கட்ட என்ன வாங்குவது: வடசென்னையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சின்னப் படைவீரர் பொம்மைகளை மேசைமேல் நகர்த்தி ஆடும் மினியேச்சர் வார்கேமிங்குக்குள் புதிதாக வருபவர்கள் பொம்மைகளைத் தேடித் தேடி வாங்கிவிடுவார்கள். மேசைமேல் வைக்கக் கட்டடம் வேண்டும் என்று வரும்போது, கையில் கிடைத்த தெர்மாகோலையும் ஃபெவிக்விக்கையும் வைத்து ஆரம்பிப்பார்கள். பசை பட்ட இடத்தில் தெர்மாகோல் கரைந்து பள்ளம் விழும், அதோடு ஆசையும் போய்விடும். கையில் திறமை இல்லாததால் இப்படி ஆவதில்லை. சேராத இரண்டு பொருள்களைச் சேர்த்ததுதான் காரணம்.

எந்தப் பொருளை வாங்கும் முன்பும் மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்தப் பசை அதைப் பிடிக்கும்? ஸ்ப்ரே பெயின்ட் அதைத் தின்னுமா? ஐப்பசி கார்த்திகை மழையில் அது என்ன ஆகும்? ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கடலோர ஈரக் காற்று வருடம் முழுக்க வீட்டுக்குள் இருக்கும். வறண்ட குளிர் நாடுகளில் இருப்பவர்கள் சொல்லித் தரும் முறைகள் பல இங்கே அப்படியே செல்லாது. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கும் காகித ஃபோம் போர்டு இங்கே ஒரு மழைக்காலத்தில் வில்லாக வளைந்துவிடும்.

முதலில் அளவு

இந்தக் கட்டுரை முழுக்க 28 மி.மீ. பொம்மைகளை, அதாவது ஆள் ஏறக்குறைய அந்த உயரம் இருக்கும் பொம்மைகளை, வைத்துப் பேசுகிறோம். வரலாற்றுப் போர் விளையாட்டுகளில் இதற்குக் கட்டடம் கட்ட 1/56 அளவை எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும். நிஜ அளவை மில்லிமீட்டரில் எழுதி 56ஆல் வகுத்தால் போதும். 15 மி.மீ. பொம்மை என்றால் 1/100. வார்ஹாமர் 40,000 போன்ற எதிர்காலப் போர் விளையாட்டுகளில் பொம்மைகள் கொஞ்சம் பெரியவை, அவற்றுக்கு இங்கே சொல்லும் அளவுகளில் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் வகுத்து வரும் எண்ணை அப்படியே வெட்டினால் விளையாட முடியாது. 2,100 மி.மீ. கதவு 37.5 மி.மீ. ஆகிறது. பொம்மையின் காலடியில் அது நிற்கும் தட்டு, அதாவது 3 மி.மீ. பேஸ் இருக்கிறது, தலையில் தொப்பியோ தலைப்பாகையோ இருக்கிறது. 42 மி.மீ. உயரம், 22 மி.மீ. அகலம் வையுங்கள். திண்ணை இன்னும் நல்ல உதாரணம். நிஜத்தில் 900 மி.மீ. ஆழமுள்ள திண்ணை 16 மி.மீ. ஆகும், 25 மி.மீ. வட்டப் பேஸ் அதில் நிற்காது. 30 மி.மீ. ஆழம் வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலும் அதே 30 மி.மீ. இடம் விட வேண்டும். தள உயரம் 3 மீட்டர் என்றால் 54 மி.மீ. வரும், ஆனால் கூரையைத் தூக்கிவிட்டு விரல் நுழைத்துப் பொம்மையை நகர்த்த 65 மி.மீ.யாவது தேவை. உயரத்தைக் கூட்டுவதற்கு ஈடாக நீள அகலத்தைக் குறையுங்கள். நிஜத்தில் 12 மீட்டர் நீளமுள்ள வீடு மேசையில் 15 செ.மீ. இருந்தாலே கண்ணுக்கு வீடாகத் தெரியும். நாலுக்கு நாலு அடி மேசையில் ஐந்தாறு வீடு வைத்த பிறகும் தெரு மிஞ்ச வேண்டுமே.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள்: எதில் வைத்துப் பூட்டப் போகிறீர்கள்? மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியை முதலில் வாங்கி, அதன் உள் அளவுக்குள் அடங்கும்படி வீட்டின் அளவை வையுங்கள். கட்டி முடித்துவிட்டுப் பெட்டி தேடினால் கைப்பிடிச் சுவர் உடைந்துதான் உள்ளே போகும்.

எந்தக் காலம், எந்தக் கூரை

கூரைதான் பொருள் பட்டியலைத் தீர்மானிக்கும். வடசென்னைக்காரர்களுக்கு வாசலிலேயே நல்ல போர்க்களங்கள் இருக்கின்றன. 1758 டிசம்பரில் லல்லியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதி) பிடித்து, 1759 பிப்ரவரி வரை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. அதை மேசையில் வைப்பவர் நாட்டு ஓடு, கீற்று, சுண்ணாம்பு பூசிய சமதள மாடி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மங்களூர் ஓடு கூடாது. பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865இல்தான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டதை ஒட்டி ஒரு கற்பனைத் தரையிறக்கம் ஆடுவதானால் மங்களூர் ஓடு, செங்கல் கிடங்கு, தகரக் கொட்டகை எல்லாம் சரி, தொட்டிக்கு பி.வி.சி. குழாயின் மூடியே போதும். இன்றைய காலமோ எதிர்காலமோ என்றால் கன்டெய்னர். மணலி, மாதவரம் பக்கம் போய்ப் பார்த்தால் துருவும் நசுங்கலும் எந்த இடத்தில் வருகிறது என்று நேரிலேயே தெரியும்.

முதல் வேலையாகக் கன்டெய்னரையே செய்யச் சொல்வோம். இருபதடிக் கன்டெய்னர் 6.06 மீட்டர் நீளம், 2.44 அகலம், 2.59 உயரம். 1/56இல் 108 × 44 × 46 மி.மீ. கதவு வெட்ட வேண்டாம், கூரை கழற்ற வேண்டாம், கோணம் தவறினாலும் தெரியாது. நாலைந்து செய்வதற்குள் கட்டர் பிடிக்கக் கை பழகிவிடும்.

உடலுக்கு: சன் போர்டு

வீட்டின் நாலு சுவருக்கு நாங்கள் கைகாட்டுவது சன் போர்டை. கடைப் பெயர்ப்பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் பி.வி.சி. ஃபோம் ஷீட் அது. 3 மி.மீ., 5 மி.மீ. தடிமன்கள் நமக்குப் போதும். முழு ஷீட் எட்டுக்கு நாலு அடி. அதை வாங்க வேண்டாம். பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எங்கே ஃப்ளெக்ஸ், சைன் போர்டு கடை இருந்தாலும் வெட்டி மிஞ்சிய துண்டுகள் மூலையில் கிடக்கும். அண்ணே, வேஸ்ட் பீஸ் இருக்கா என்று கேளுங்கள். ஒரு பக்கம் எழுத்து ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, உரித்துவிட்டு அந்தப் பக்கத்தை உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் பட்டால் அது ஊறாது, வளையாது, கரையான் தொடாது. இந்த ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஃபெவிக்விக் ஒரு நொடியில் பிடிக்கும், ஸ்ப்ரே பெயின்ட்டும் அடிக்கலாம். குறை என்னவென்றால் மேற்பரப்பு வழுவழுப்பு. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை உறிஞ்சப்பட்டுத்தான் பிடிக்கும். சன் போர்டு எதையும் உறிஞ்சாது. மேலே பூசும் புட்டியும் ஆறு மாதத்தில் தோல் மாதிரி உரியும். பூசுவதற்கு முன் 120 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள், தூளை ஈரத்துணியால் துடையுங்கள். சூடான கம்பியாலோ லேசராலோ இதை வெட்டவே கூடாது. பி.வி.சி. சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூச்சுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு.

கடையில் பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. சிலர் சன் போர்டையே ஃபோம் போர்டு என்பார்கள், சிலர் காகிதம் ஒட்டியதை அப்படிச் சொல்வார்கள். விளிம்பை நகத்தால் கீறிப் பாருங்கள். காகிதம் உரிந்தால் அது வேறு பொருள். சன்பேக் என்று ஒன்று கொடுப்பார்கள், உள்ளே குழல் குழலாக இருக்கும் பாலிபுரொப்பிலின் ஷீட். அதை வாங்காதீர்கள். நம் கையில் இருக்கும் எந்தப் பசையும் அதைப் பிடித்து நிற்காது.

காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு ஸ்டேஷனரிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். இரண்டு காகிதத்துக்கு நடுவே பாலிஸ்டைரின் நுரை. வெட்ட சுகமானது, வெள்ளைப் பசை நன்றாகப் பிடிக்கும், ஃபெவிக்விக் நுரையைக் கரைக்கும். சுவரின் ஒரு பக்கம் மட்டும் பசையும் மணலும் பூசினால் அந்தப் பக்கக் காகிதம் நனைந்து நீண்டு, காயும்போது சுருங்கும். சுவர் பூசின பக்கமாக வளையும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு ஈரம் பட வேண்டும். வீட்டுக்குள் ஒரு குறுக்குச் சுவர் வைத்தாலும் வளைவு கட்டுப்படும். கோடையில் செய்து, உள்ளும் புறமும் பெயின்ட் அடித்து மூடிவிட்டால் ஃபோம் போர்டு வீடும் பல வருடம் நிற்கும். மழைக்காலத்தில் தொடங்காதீர்கள், அவ்வளவுதான்.

எக்ஸ்.பி.எஸ். என்ற அடர்த்தியான நுரைப் பலகை நீலம், இளஞ்சிவப்பு, சாம்பல் நிறங்களில் வரும். மாடித் தளத்துக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் வெப்பத் தடுப்பாகப் போடுவது. கோட்டைச் சுவர், கருங்கல் கட்டுமானம் எல்லாவற்றுக்கும் இதற்கு ஈடு இல்லை: மழுங்கிய பென்சிலால் அழுத்திக் கோடு போட்டால் கல் வரிசை, கசக்கிய அலுமினியத் தாள் உருண்டையை உருட்டினால் கல்லின் சொரசொரப்பு. இன்சுலேஷன் வேலை எடுப்பவர்களிடம் மிச்சத் துண்டு கேட்டால் ஒரு கோட்டை கட்டும் அளவு கிடைக்கும்.

சாதாரண தெர்மாகோல் மணிமணியாக உதிர்வது. சுவருக்கு எடுக்காதீர்கள், விளிம்பு நிற்காது, எவ்வளவு பூசினாலும் மணி தெரியும். மேடு, கரை, இடிபாட்டுக் குவியலின் உள்கூடு இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காசிமேட்டு மீன் பெட்டியின் தெர்மாகோல் தடிமனாக இருக்கும், மேடுகளுக்கு நல்லது. சோப்புத் தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் வைக்காவிட்டால் நாற்றம் பெயின்ட்டையும் தாண்டி வரும். தெர்மாகோலையும் எக்ஸ்.பி.எஸ்.ஸையும் சூட்டுக் கம்பியால் வெட்டலாம். மூடிய அறையில் வேண்டாம், மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, லேசர் கட்டிங்குக்கு. ஒரே மாதிரி பத்து வீடு வேண்டும் என்றால்தான் அதன் பலன் தெரியும். 3 மி.மீ. என்று விற்கும் பலகை 2.7ஆகவும் இருக்கும், 3.2ஆகவும் இருக்கும். வெர்னியர் அளவுகோலால் அளந்த பிறகுதான் வரைபடத்தில் பொருத்துப் பள்ளத்தின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று ஆடும் அல்லது நுழையாது. வெட்டு விளிம்பு தண்ணீரை உறிஞ்சி உப்பும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை விளிம்பில் இரண்டு முறை தடவிக் காயவிட்டுப் பிறகுதான் பெயின்ட். உப்பிய எம்.டி.எஃப். திரும்பப் பழைய நிலைக்கு வராது.

பசையும் பெயின்ட்டும்

பலகையைத் தேர்ந்தெடுக்கும்போதே பசையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். காகிதம், அட்டை, மரம், எம்.டி.எஃப்., நுரை எல்லாவற்றுக்கும் ஃபெவிகால். சன் போர்டு, பிளாஸ்டிக், உலோகத்துக்கு ஃபெவிக்விக். சன் போர்டில் நீளமான இணைப்பு என்றால் குழாய் ஒட்டும் பி.வி.சி. சால்வென்ட் சிமென்ட்டை மெல்லிசாக ஒரு கோடு போடலாம். இரண்டு கட்சியையும் சேர்த்து ஒட்ட வேண்டிய இடத்தில், அதாவது நுரையோடு பிளாஸ்டிக், சன் போர்டோடு கல், அங்கே அரால்டைட் என்ற எபாக்சி பசை. அது நுரையைக் கரைக்காது. மஞ்சள் நிற ரப்பர் பசை எதுவானாலும் நுரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நுரையோடு நுரையை ஒட்டும்போது நடு உள்ளே ஃபெவிகால் காய நாள் கணக்காகும், காற்றுக்கு வழி இல்லை. பசையை மெல்லிசாகப் பரப்பி, நாலு பல்குச்சியைக் குறுக்கே குத்தி, மேலே புத்தகம் வைத்து இரண்டு நாள் விடுங்கள். அவசரக்காரர்கள் ஹாட் க்ளூ துப்பாக்கியை எடுப்பார்கள். அதன் பசை சூட்டில் இளகுவது. மே மாத வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை விட்டு வந்தால் இணைப்புகள் நழுவியிருக்கும். தற்காலிகப் பிடிப்புக்கு மட்டும் அது.

ஸ்ப்ரே டப்பாவில் இருக்கும் கரைப்பான் நுரையைத் தின்னும். ஒரு பங்கு ஃபெவிகால், ஒரு பங்கு கறுப்பு அக்ரிலிக் பெயின்ட், கால் பங்கு தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் இரண்டு கோட் அடித்து முழுக்க மூடிய பிறகும்கூட ஸ்ப்ரேயைத் தூர நின்று மெல்லிசாகத்தான் அடிக்க வேண்டும். ஊசி முனை அளவு திறந்திருந்தாலும் அதன் வழியே உள்ளே குழியும். இன்ன பொருள் தாங்குமா என்ற சந்தேகம் வந்தால் ஐந்து செ.மீ. துண்டு வெட்டி, அதே பசையையும் அதே பெயின்ட்டையும் போட்டு ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். புதிதாக எந்த ஷீட் வாங்கினாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

மேல்தோல்: ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு நடை

வீட்டுக்கு முகம் கொடுப்பது மெல்லிய பொருள்கள். பாரிமுனையில் இறங்கி ஆண்டர்சன் தெருவுக்குள் போனால் காகிதம், அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று கடைகள்தான். புத்தக பைண்டிங்குக்குப் போடும் கிரே போர்டு 1 மி.மீ.யும் 1.5 மி.மீ.யும் ஒவ்வொரு ஷீட் வாங்குங்கள். கதவு, நிலை, படி, கூரைப் பலகை எல்லாம் அதில் வரும். வீட்டில் சேர்ந்திருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாதீர்கள். புடைப்பு வேலை செய்த அட்டை, துணி நெசவு போலச் சொரசொரப்புள்ள தாள், பொன் ஓரம், எல்லாமே ஜன்னல் வேலைப்பாடும் தூண் தலைப்புமாக மாறும்.

ஓடு. மங்களூர் ஓடு நிஜத்தில் ஏறத்தாழ 410 × 240 மி.மீ., நம் அளவில் 7 × 4. ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டாம். பிஸ்கட் டப்பா அட்டையை 10 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, ஒரு விளிம்பில் 4.5 மி.மீ.க்கு ஒன்றாக, 5 மி.மீ. ஆழத்துக்குக் கத்தரியால் கீறுங்கள். கூரையின் கீழ் விளிம்பில் ஆரம்பித்து மேலே போங்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையை மூடி 6 மி.மீ. வெளியே தெரிய வேண்டும், அடுத்த வரிசை அரை ஓடு தள்ளி. அங்கங்கே ஒரு ஓட்டின் முனையைக் கிள்ளி எடுங்கள், ஒன்றிரண்டை நகத்தால் லேசாகத் தூக்கிவிடுங்கள். எல்லாம் ஒரே சீராக இருந்தால் அச்சடித்த தாள் போலத்தான் தெரியும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் அலை நிஜத்தில் 146 மி.மீ.க்கு ஒன்று, நமக்கு 2.6 மி.மீ. செல்போன், சின்னப் பொம்மைகள் வரும் மெல்லிய நெளி அட்டைப் பெட்டியின் அலை ஏறக்குறைய 3 மி.மீ., கன கச்சிதம். மேல் தாளை ஈரத் துணியால் ஒற்றி, ஒரு நிமிடம் விட்டு, மெதுவாக உரியுங்கள். உரித்த அலைமேல் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு கோட் பூசிக் காயவிட்டால் கெட்டிப்படும். நாட்டு ஓட்டுக்கும் இதே அட்டையில் 6 மி.மீ. பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் தூரத்துக்குச் சரியாகவே இருக்கும். கன்டெய்னர் சுவருக்கு இன்னும் பெரிய அலை, மளிகைப் பெட்டியில் வருவது.

செங்கல் 230 × 75 மி.மீ. என்றால் நமக்கு 4 × 1.3 மி.மீ. முழுச் சுவரையும் செங்கல்லாகக் கீறாதீர்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் பூச்சு உதிர்ந்த இடத்தில்தான் செங்கல் தெரியும்: சுவரின் அடி, ஜன்னல் மூலை, மழைத் தண்ணீர் இறங்கும் குழாய்ப் பக்கம். அந்த இடங்களில் மட்டும் கிரே போர்டில் சின்னச் சின்னத் துண்டு ஒட்டி, சுற்றிலும் புட்டி பூசுங்கள். வேலையும் மிச்சம், பார்க்கவும் அதுதான் உண்மை.

பூச்சுக்குக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் வால் புட்டியை ஃபெவிகாலோடு நாலுக்கு ஒன்று கலந்து, ஒரு மி.மீ.க்கு மேல் தடிக்காமல் பழைய ஏ.டி.எம். கார்டால் இழுங்கள். தடித்தால் காயும்போது வெடிக்கும். தரைக்கு மணல் என்றால் கடற்கரை மணல் வேண்டாம். கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று அள்ளி வந்தால் அதில் இருக்கும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பெயின்ட்டின் மேல் வெள்ளையாகப் பூக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் எம்-சாண்ட் ஒரு பிடி கேட்டு வாங்கி, டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள்.

திண்ணைத் தூணுக்கு 3 மி.மீ. மூங்கில் குச்சி, கதவுப் பலகைக்கு ஐஸ் குச்சி, ஜன்னல் கம்பிக்குக் கொசுவலை. மைதாப் பசை மட்டும் எங்கேயும் வேண்டாம். கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வந்து தின்னும்.

முதல் வீடு: ஒற்றைத் தளம், மொட்டை மாடி, முன்னால் ஓட்டுத் தாழ்வாரம்

வேண்டியவை: 5 மி.மீ. சன் போர்டு ஏ3 அளவு ஒன்று, 3 மி.மீ. ஏ3 அளவு ஒன்று, 1 மி.மீ. கிரே போர்டு ஏ4 ஒன்று, ஒரு பிஸ்கட் டப்பா, மூங்கில் குச்சி ஒன்று, ஐஸ் குச்சி நாலு. கருவிகள்: 18 மி.மீ. பிளேடு போடும் கட்டர், எஃகு ஸ்கேல், மூலைமட்டம், 120 எண் உப்புத்தாள். பிளேடின் முனையை ஒவ்வொரு சுவருக்கும் ஒரு முறை உடைத்துப் புதுசாக்குங்கள். மழுங்கிய பிளேடுதான் விளிம்பைக் கிழிக்கிறது, கையும் அதில்தான் வெட்டுப்படுகிறது. கடல் காற்றில் பிளேடு துருவும், டப்பாவில் இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு வையுங்கள்.

1. 5 மி.மீ. போர்டில் 150 × 80 இரண்டு, 110 × 80 இரண்டு வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் மூன்று நாலு இழுப்பாக. 80இல் 65 சுவர், 15 கைப்பிடிச் சுவர்.

2. ஒட்டும் முன்பே வாசலையும் ஜன்னலையும் திறந்துவிடுங்கள். முன்சுவரின் நடுவில் கதவு 22 × 42. ஜன்னல் 20 × 20, தரையிலிருந்து 18 மி.மீ. மேலே.

3. நாலு சுவரின் உள்பக்கமும் 3 மி.மீ. போர்டில் வெட்டிய 5 மி.மீ. அகலப் பட்டையை, அதன் மேல் விளிம்பு தரையிலிருந்து 62 மி.மீ. உயரத்தில் வரும்படி ஒட்டுங்கள். மூலைகளில் பட்டை மோதாமல் இருக்க வீட்டின் உள் நீளத்தில் (140, 110) 6 மி.மீ. குறைத்துக்கொண்டு, சுவரின் நடுவில் ஒட்டுங்கள். கூரை இதன்மேல்தான் உட்காரும்.

4. குட்டைச் சுவர்கள் நீளச் சுவர்களுக்கு நடுவே வரும்படி, மூலைமட்டம் வைத்து ஃபெவிக்விக்கால் ஒட்டுங்கள். வெளி அளவு 150 × 120 வரும். ஒவ்வொரு மூலைக்கும் மூன்று சொட்டுப் போதும். நிறைய விட்டால் காய நேரமாகும், வெள்ளைப் படலமும் படியும்.

5. 3 மி.மீ. போர்டில் அடித்தளம் 190 × 170, கூரை 138 × 108. உள் அளவு 140 × 110 இருக்கும்போது ஏன் சுற்றி ஒரு மி.மீ. குறைக்கிறோம் என்றால், பெயின்ட்டும் பூச்சும் ஏறிய பிறகு இடைவெளி அடைபடும். இதை மறந்தால் கூரை உள்ளே போய் இறுகி வெளியே வராது. கூரையின் ஒரு மூலையில் நூல் நுழையும் ஓட்டை போட்டு, நூலை வளையமாகக் கட்டிவிடுங்கள், தூக்கச் சுலபம்.

6. அடித்தளத்தின் விளிம்பை 45 பாகைக்குச் சீவுங்கள். வீட்டைப் பின்பக்கமாகத் தள்ளி ஒட்டினால் முன்னால் 40 மி.மீ. கிடைக்கும்.

7. திண்ணை: 5 மி.மீ. போர்டில் 60 × 30 நாலு துண்டு, இரண்டிரண்டாக அடுக்கினால் 10 மி.மீ. உயரம். வாசலுக்கு இரு பக்கமும் வைத்து, நடுவில் 30 மி.மீ. வழி விடுங்கள்.

8. தாழ்வாரக் கூரைக்கு 150 × 40 கிரே போர்டு. சுவரில் 62 மி.மீ. உயரத்தில் தொடங்கி, தூண் நிற்கும் இடத்தில் 50 மி.மீ.க்கு இறங்கட்டும். திண்ணைமேல் 40 மி.மீ. தூண் நாலு. கிரே போர்டின் இரண்டு பக்கமும் ஃபெவிகால் தண்ணீர் அடித்த பிறகுதான் ஓட்டுப் பட்டை ஏழு வரிசை ஒட்ட வேண்டும். ஈட்டி பிடித்த பொம்மைகள் உங்களிடம் நிறைய இருந்தால் இந்தக் கூரையையும் கழற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஈட்டி முனை ஓட்டைக் குத்திக்கொண்டே இருக்கும்.

9. சுவர்களை உப்புத்தாளால் தேய்த்து, புட்டி பூசி, ஒரு நாள் காயவிடுங்கள்.

10. மாடித் தளத்துக்குக் கிரே போர்டில் 3 மி.மீ. சதுரங்களை வெட்டி ஒட்ட ஆசை வரும். வேண்டாம். கூரைப் பலகையிலேயே மழுங்கிய ஆணியால் 3 மி.மீ. கட்டம் கீறிவிட்டால் மெட்ராஸ் டெரஸின் தட்டோடு வந்துவிடும். பொம்மை நிற்கும் இடம் அது, ஒட்டியது எதுவும் அங்கே நிலைக்காது.

பெயின்ட், வார்னிஷ், பெட்டி

முதல் கோட் அடர் பழுப்பு, கறுப்பு அல்ல. சுண்ணாம்புச் சுவரின் கீழே கறுப்பு இருந்தால் வெள்ளை சாம்பலாகத் தெரியும். அதன்மேல் மங்கலான மஞ்சள் கலந்த வெள்ளையைப் பெரிய பிரஷ்ஷால் துடைத்தாற்போல் அடியுங்கள். கடைசியாகத் தண்ணீராகக் கரைத்த கரும்பழுப்பை ஜன்னலின் கீழும், கைப்பிடிச் சுவரின் தூம்பு வாயிலும் மேலிருந்து கீழாக இழுத்தால் மழைக் கறை. இந்த அளவு பரப்புக்கு விலை உயர்ந்த மினியேச்சர் பெயின்ட்டைச் செலவழிக்க வேண்டியதில்லை. ஃபெவிக்ரில், கேம்லின் அக்ரிலிக் போதும். உயர்ந்த பெயின்ட்டைப் பொம்மைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்சுவர், கூரையின் அடி, அடித்தளத்தின் அடி எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடியுங்கள். அட்டை ஒட்டிய எந்த இடமும் மூடாமல் இருக்கக் கூடாது, ஓதம் அங்கேதான் நுழையும்.

மேட் வார்னிஷ் ஸ்ப்ரேயை ஈரமான நாளில் அடித்தால் வெண்பனி படர்ந்தது போல் ஆகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரஷ்ஷால் அடிக்கும் வார்னிஷ்தான். மற்ற மாதங்களில் காலை பதினொன்றுக்கு மேல், கடல் காற்று எழும் முன்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் நாலைந்து பொட்டலம் போட்டு, மழைக்கு முன் ஒரு முறை மாற்றுங்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போலத் தண்ணீர் தேங்கும் இடத்தில் வீடு என்றால் பெட்டி கட்டிலுக்கு அடியில் கூடாது, பரணில் வையுங்கள். பரண் தகரக் கூரைக்கு நேர் கீழே இருந்தால், 3டி பிரின்ட் செய்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் பாகங்கள் 60 பாகைச் சூட்டில் இளகும் என்பதை நினைவில் வைத்து, அவற்றை மட்டும் வேறு பெட்டியில் கீழ் அலமாரிக்கு மாற்றுங்கள்.